மூன்றாம் நம்பர் காற்று

1

ரியாத்துக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிகிறது. நானாக நாள் எண்ணிச் சொல்லவில்லை. இகாமா என்கிற குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது எங்கள் கம்பெனியின் எகிப்துக்கார எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இருபத்திரண்டு!" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. வருடத்தை எண்ணுகிறவர்கள் அடுத்து வேலையை விட்டு அனுப்ப ஆளை எண்ணுவார்கள். எதற்காகப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். வாழ்த்தத்தான் என்றார். வாழ்த்துவதற்குத் திரையை எதற்குப் பார்க்க வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பழவேற்காடு என்ற பெயர் அரபிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. அவர்களிடம் 'ப' கிடையாது, 'ழ' கிடையாது. ஒவ்வொரு முறை அட்டை புதுப்பிக்கும்போதும் நான் பிறந்த ஊர் வேறு வேறு ஊராக மாறிவிடுகிறது. ஒருநாள் இவர்கள் நாலு அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாலு பேர் ஒரே முகத்தோடு சுற்றுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டால்? அதனால் பழைய அட்டைகளின் நகல்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி சுமதி அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. ஏசி மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் நான் ஏசி மாட்டுகிறவன் அல்ல, மாட்டியவனைச் சந்தேகப்படுகிறவன். ஒரு கட்டடம் முடிந்ததும் கையில் ஒரு கருவியோடு போவேன். கூரையில் இருக்கும் ஒவ்வொரு காற்று வாயிலும் அதைப் பிடித்து, வருவதாகச் சொன்ன காற்று வருகிறதா என்று அளந்து எழுதுவேன். சம்பளமே அதற்குத்தான்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. அளக்கிறவன் வரும் நாளில் மட்டும் விசிறியை முழு வேகத்தில் வைப்பார்கள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் பழையபடி குறைத்துவிடுவார்கள். அதனால் நான் சொன்ன நேரத்துக்குப் போகமாட்டேன். அரை மணி முன்னதாகப் போய் மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். விசிறியின் சத்தம் திடீரென்று ஏறினால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் இதில் என்னை ஏமாற்றியவன் யாரும் இல்லை என்று போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை கோமளா, தோணிரேவுக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருடமாக அவளும் இன்னும் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். மணலில் கொட்டிக் காயவைக்கும் பழைய வேலை அல்ல. இடுப்பு உயரத்துக்கு வலைப் பரண் கட்டி, மேலே கூடாரம் போட்டு, மணல் ஒட்டாமல் காயவைத்து, பாக்கெட்டில் அடைத்துக் கொடுக்கிறார்கள். சென்னையில் ஒரு கடை நெத்திலிக் கருவாட்டைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: மழைக்காலத்திலும் சரக்கு தவறாமல் வர வேண்டும், ஒரு முறை கெட்டுப்போனாலும் உறவு அத்தோடு சரி.

கோமளா அந்தப் பேச்சை நம்பித்தான் பன்னிரண்டு பேரையும் பழைய வேலைகளிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். கூடை தூக்கிக்கொண்டு பொன்னேரி ரயிலேறிப் போனவர்கள், இறால் கம்பெனியில் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று தோலுரித்தவர்கள். கடை கைவிட்டால் அவர்கள் அங்கேயே திரும்பிப் போக வேண்டும், கோமளா அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். இதுதான் அவளுடைய பயம். கூடாரத்தில் காயவைப்பதை எப்படியோ சமாளித்துவிடலாம், பாக்கெட் போடும் அறைதான் பிரச்சினை என்றாள்.

"மழ வந்தா அந்த ரூம்ல நிக்கவே முடியலண்ணா. நசநசன்னு கீது. ஏசி போட்டா சரியாவும்னு சொல்றாங்க. எத்தினி டன்னு வாங்கணும்னு நீயே சொல்லிடு."

இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்! ஊருக்கு என் தொழில் முதல் முறையாகத் தேவைப்பட்டது. அறையின் நீளம், அகலம், கூரை, கதவு, எத்தனை பேர் நிற்பார்கள், பாக்கெட் ஒட்டும் இயந்திரம் எவ்வளவு சூடு கக்கும், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன். மூன்று டன் வந்தது. இயந்திரத்தை நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

டன் என்றால் எடை என்று கோமளா நினைத்துக்கொண்டிருந்தாள். அது தப்பும் இல்லை. ஒரு டன் ஐஸ் பாரை ஒரு அறையில் போட்டு, அது ஒரு நாள் முழுக்க உருகி எவ்வளவு சூட்டைக் குடிக்குமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் வெளியேற்றும் இயந்திரம்தான் ஒரு டன் ஏசி. ஐஸ் பாரோடு வளர்ந்தவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது.

"ஆனா குளிர்ச்சி மெஷின்லயே கெடந்தா பிரயோஜனம் இல்ல. அத அள்ளிக்கினு வந்து ரூம்ல கொட்டணும். அத்தச் செய்யறது காத்து" என்றேன்.

ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு நானூறு கன அடி காற்று. எங்கள் தொழிலில் நுழைகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விகிதம் அது. காற்றை அளந்தால் குளிர்ச்சி எவ்வளவு என்று தெரிந்துவிடும், இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பவேண்டியதில்லை. ரியாத்தில் நாங்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக, நானூற்று ஐம்பது வரை வைப்போம். மூன்று டன்னுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. அந்த எண்ணைக் கோமளாவிடம் சொல்லி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

3

இயந்திரத்தை மாட்டியவர் பொன்னேரியில் கடை வைத்திருக்கும் தேவராஜ். நான் அவரைப் பார்த்ததில்லை. கோமளா 'தேவராஜ் அண்ணன், தேவராஜ் அண்ணன்' என்று பேச்சுக்கு ரெண்டு முறை சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. மெக்கானிக்கை அண்ணன் என்று கூப்பிடும் வீட்டில்தான் பழைய மோட்டாரைத் தள்ளிவிடுவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போன நம் குப்பத்து ஆள் ஒருவரிடம் காற்றின் வேகம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். உள்ளங்கையளவு காத்தாடி, கீழே எண் தெரியும், அவ்வளவுதான். கோமளா ஸ்டூலில் ஏறி அதைக் காற்று வாயில் பிடிக்க, நான் வீடியோவில் பார்த்தேன். அறையில் இரண்டு வாய்கள், ஒவ்வொன்றும் ரெண்டடிக்கு ஓரடி. மொத்தம் நாலு சதுர அடி. வேகம் நிமிடத்துக்கு இருநூற்று ஐம்பது அடி. பெருக்கினால் ஆயிரம் கன அடி.

ஆயிரம். நான் எழுதச் சொன்ன ஆயிரத்து முந்நூற்று ஐம்பது எங்கே, ஆயிரம் எங்கே? ஆயிரத்தை நானூறால் வகுத்துப் பாருங்கள். இரண்டரை வருகிறது. பிசிறே இல்லாமல் இரண்டரை! மூன்று டன் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டரை டன் இயந்திரம். உட்கார்ந்த இடத்திலிருந்தே திருடனைப் பிடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

அடுத்த நாளே தேவராஜை அறைக்கு வரச்சொல்லி வீடியோவில் நிறுத்தினேன். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, சட்டைப் பையில் டெஸ்டர். என் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார்.

"மெசின் மூணு டன்தான் சார். நான்தான் ஃபேன ரெண்டாம் நம்பர்ல வச்சிக்கிறேன்."

"ஏன் ரெண்டுல வச்சீங்க?"

"இது ஏரிக்காத்து சார். தண்ணி ஜாஸ்தி. மெதுவாப் போனாத்தான் அந்தத் தண்ணிய உள்ள இருக்கற காயில் கொழாயில உட்டுட்டுப் போவும். வேகமாப் போனா தண்ணியும் கூடவே ரூமுக்குள்ள வந்துடும்."

அகப்பட்டுக்கொண்டவன் இயற்கையைத் துணைக்குக் கூப்பிடுவது எனக்குப் புதிதல்ல. மணற்புயல், வெயில், கடவுள் என்று இங்கே எல்லாச் சாக்கையும் கேட்டாகிவிட்டது. "மூணாம் நம்பர்ல வைங்க" என்றேன். வைத்தார். வேகம் முந்நூற்று நாற்பது, காற்று ஆயிரத்து முந்நூற்று அறுபது. இயந்திரம் மூன்று டன்தான் போலிருக்கிறது. ஆனாலும் விசிறி பெரிதாக இருந்து கம்ப்ரஸர் சின்னதாக இருக்கலாமே? டன் எவ்வளவு என்று பொறித்த பெயர்த் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தகடு கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

"இது இப்பிடியே மூணுலயே இருக்கணும். நான் இருவத்திரெண்டு வருஷமா காத்தை அளக்கறவன், தெரியுமில்ல?"

தேவராஜ் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அளக்கறது மணல் காத்து சார்" என்றார் மெதுவாக.

"அண்ணா, உட்ருண்ணா. அவரு நம்ம பக்கம் எத்தினி ரூம் பாத்தவரு" என்று கோமளா நடுவில் வந்தாள். அதுதான் எனக்கு ஆத்திரமாகிவிட்டது. வாங்கிக் கொடுத்தவன் நான், படித்தவன் நான், கூடப் பிறந்தவன் நான். அந்த வார்த்தைகளையெல்லாம் பன்னிரண்டு பெண்கள் கேட்கும்படி போனிலேயே சொன்னேன். கோமளா சுவரில் இருந்த விசிறி பட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிண்ணா, மூணுலயே கெடக்கட்டும்" என்றாள்.

4

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேனா? காற்று வாயில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டச் சொன்னேன். மூன்றாம் நம்பரில் அது கிடைமட்டமாகப் பறக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, முன்கூட்டிச் சொல்லாமல் வீடியோவில் கூப்பிடுவேன். "ரிப்பனக் காட்டு" என்பேன். காட்டுவாள். பறக்கும்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறதென்றால், காலையில் கம்பெனி வேனில் போய், பகலெல்லாம் ஏணியில் நின்று காற்றை அளந்து, சாயங்காலம் வீடு. மகள் நிவேதா பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். தோழிகளோடு இந்தியும் ஆங்கிலமும், கடைக்காரரோடு அரபி, அம்மாவோடு தமிழ். என்னோடு 'ஓகேப்பா' மட்டும். நான் கதவைத் திறந்துகொண்டு வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன். அத்தையோடு என்றாள். ஊருக்கே நாலு வருடத்துக்கு ஒரு முறை போகிறவளுக்கு அத்தையிடம் தினமும் பேச என்ன இருக்கிறது? நான் நம்பவில்லை.

ஐப்பசி பிறந்து ஊரில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ரிப்பனில் ஒரு கோளாறைக் கவனித்தேன். கோமளா போனைத் தூக்கிக் காட்டும் முதல் நொடியில் ரிப்பன் பாதியில் சாய்ந்து தொங்குகிறது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல எழுந்து பறக்கிறது. அதற்கு முன்னால் எங்கோ கொலுசுச் சத்தம், யாரோ ஓடுவதுபோல. ஒரு முறை என்றால் விட்டுவிடலாம், மூன்று முறை பார்த்தேன்.

"இன்னா இது, இப்பத்தான் ஏறுது?"

"கரண்ட் போயி வந்துச்சுண்ணா."

"விளக்கு எரிஞ்சுக்கினுதானே இருந்துது?"

"அது வேற லைன்ணா."

சரக்கு போனதா என்று கேட்டால், போச்சுண்ணா என்பாள். கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டால், நல்லாத்தான் சொன்னாரு என்பாள். முன்பெல்லாம் பாக்கெட் படம், பரண் படம், பெண்கள் சிரிக்கும் படம் என்று போன் நிறைய அனுப்பிக்கொண்டிருந்தவள் அதை நிறுத்திவிட்டாள். தேவராஜ் மோட்டாரை மாற்றிவிட்டான், இவளுக்கும் அது தெரியும், எனக்குப் பயந்து மறைக்கிறாள். இதுதான் என் முடிவு. அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக விடுமுறை கேட்டு மனுக்கூட எழுதி வைத்தேன்.

5

போன வெள்ளிக்கிழமை காலை. ஆகஸ்டில் பொன்னேரியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த முறுக்கு ஒரு சில்வர் டப்பாவில் மிச்சம் இருந்தது. மூடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. வாரக்கணக்கில் திறந்தே கிடந்தது. நிவேதா அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். அடுத்த அறை வரை சத்தம் கேட்கும்படி நொறுங்கியது. கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நமத்துப்போறதுன்னா இன்னா?"

சுமதி சிரித்துவிட்டாள். "பாத்தியா, இது பொறந்ததுல இருந்து ஒரு நமத்துப்போன பொருளப் பாத்ததே இல்ல!"

உண்மைதான். ரியாத்தில் எதுவும் நமத்துப்போகாது. அப்பளம் பொரித்து மூன்று நாள் தட்டில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். "இந்த முறுக்க நம்ம ஊர்ல இப்பிடித் தொறந்து வச்சா சாயங்காலத்துக்குள்ள மெத்துனு ஆயிடும். காத்துல இருக்கற தண்ணியக் குடிச்சிடும்" என்றேன். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது.

"கருவாடும் ஆகுமா?"

நானும் ஒரு முறுக்கை எடுத்திருந்தேன், கடிக்காமல் கேட்டேன். "கருவாடு நமத்துப்போச்சுன்னு யாரு சொன்னது?"

அவள் முகம் மாறியது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஆக, சுமதிக்கும் தெரியும். நான் கையை நீட்டினேன். நிவேதா போனைத் தரவில்லை. தானே ஒரு குரல் செய்தியைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். ஒரு மாதத்துக்கு முந்தையது. கோமளாவின் குரல்.

"கருவாடு பூரா நமத்துப்போச்சுடா கண்ணு. மேல வெள்ளையாப் பூத்துக்கிச்சு. ஒரு லோடு அப்பிடியே ஏரிக்கரையில குழி தோண்டிப் பொதச்சோம். எங்ககூட வேல செய்யற எஸ்தர் அக்கா அழுவுது. கடக்காரங்க கைல கால்ல உழுந்து ரெண்டு வாரம் டைம் வாங்கியாந்திருக்கேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, இன்னா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மகளிடம் கேட்டேன்.

"சொன்னா நீங்க நூறு கேள்வி கேப்பீங்க. பதில் சொன்னாலும் நம்ப மாட்டீங்க." மேசையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அதனாலதான் நான் எதுவுமே சொல்றதில்லப்பா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். முறுக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

6

சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். மணல் மாதிரி சலசலவென்று ஓடியது. ஊரில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் இந்த மாதத்தில் அடியில் தண்ணீர் நிற்கும். நைனா வலைக்குப் போகும்போது தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொள்வார். அப்படியும் பத்துக் குச்சி கிழித்தால்தான் ஒன்று பற்றும். பள்ளிக்கூடச் சட்டை இரண்டு நாள் கொடியில் தொங்கியும் காயாமல், ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய் உடம்பெல்லாம் அரித்திருக்கிறது. அந்த ஈரத்தை நான் வெறுத்தேன். அதிலிருந்து தப்பி வந்தவன் அதை மறந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கணக்குப் போடும்போதுமா மறப்பேன்?

பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு டன் குளிர்ச்சிக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒரு பங்கு காற்றின் சூட்டைக் குறைக்கும். மறு பங்கு காற்றிலிருக்கும் நீரைப் பிழிந்து குழாய் வழியே வெளியே அனுப்பும். ரியாத்தில் பிழிவதற்கு நீரே கிடையாது. மொத்தத்தையும் சூட்டைக் குறைக்கவே செலவழிக்கலாம், அதனால்தான் நாங்கள் காற்றைத் தாராளமாக ஓட்டுகிறோம். ஏரிக்கரையில் பாதிக் கஷ்டம் நீர்தான். அங்கே காற்று குளிர்ந்த குழாய்களின் மேல் மெதுவாகப் போக வேண்டும், குழாய்களும் நன்றாகக் குளிர வேண்டும், அப்போதுதான் நீர் சொட்டும். டன்னுக்கு முந்நூற்று ஐம்பதோ, இன்னும் குறைவாகவோ. மூன்று டன்னுக்கு ஏறக்குறைய ஆயிரம்.

ஆயிரம். தேவராஜ் வைத்த அதே ஆயிரம்.

விசிறியை நான் ஏற்றிவிட்டதில் அறை சீக்கிரம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். விசிறி நிற்காது. ஈரக் குழாய்களில் ஒட்டியிருந்த நீரையெல்லாம் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும், கருவாட்டின் மேல். தெர்மாமீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டியிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பரீட்சையில் எழுதித் தேறியதுதான். அந்த மனிதர் அதை இரண்டு வரியில் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். இயந்திரத்தை, ஸ்டிக்கரை, தகட்டை, அவரை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். என் எண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

7

அன்று மதியமே தேவராஜைக் கூப்பிட்டேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், "நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு. மன்னிச்சிடுங்க. இப்பவே போயி ரெண்டாம் நம்பர்ல வச்சிடுங்க" என்றேன்.

மறுபக்கம் ஏதோ சாமானைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு லேசாக ஒரு சிரிப்பு. "அது அப்பவே வச்சாச்சே சார்."

"எப்ப?"

"அந்த லோடு கெட்டுப்போச்சில்ல, மறுநாளே. தங்கச்சி வந்து அழுதுது. ரெண்டுல வச்சேன். கதவு இடுக்குக்கு ரப்பர் போட்டேன். அடுத்த லோடு நல்லாப் போச்சு சார், கடக்காரன் ஒண்ணும் சொல்லல. இப்ப மூணு லோடு போயாச்சு."

"அப்ப நான் பாக்கறப்ப ரிப்பன் பறக்குதே?"

தான் சொன்னதாகச் சொல்லக்கூடாது, தங்கச்சி தன்னைத் தொலைத்துவிடும் என்று அவர் இரண்டு முறை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். நீங்களும் கோமளாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நம் ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு இந்த இடத்தில் வலை போடுவது இன்னாருடைய முறை, நாளைக்கு இன்னாருடையது என்று குலுக்கிப் போட்டு வைத்திருப்போம். யார் பாடோ அவர்தான் இறங்க வேண்டும், இதில் சண்டை வரக்கூடாது. கோமளாவும் அந்தப் பன்னிரண்டு பேரும் எனக்காக ஒரு பாடு போட்டிருக்கிறார்கள். என் வீடியோ அழைப்பு வந்ததும் ஓடிப்போய் விசிறியை மூன்றாம் நம்பருக்கு மாற்றுவதும், நான் வைத்ததும் இரண்டுக்குக் குறைப்பதும் அன்றைக்குப் பாடு யாருக்கோ அவர் பொறுப்பு. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்று நான் எழுதி ஒட்டச் சொன்ன தாளுக்குப் பின்பக்கம் பெயர்களெல்லாம் வரிசையாக இருக்கிறதாம்.

அரை மணி முன்னதாகப் போய் மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்கிறவன் நான். என்னைப் பதின்மூன்று பெண்கள் ஒரு மாதமாக, நான் மற்றவர்களிடம் தேடித் தேடிப் பிடிக்கும் அதே தந்திரத்தால் ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படி ஏமாற்றியதால்தான் அவர்கள் வேலை பிழைத்தது. அவமானமாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடினேன், என்னைத் தவிர ஒருவரும் கிடைக்கவில்லை.

விடுமுறை மனுவைக் கிழித்துப் போட்டேன். ஊரில் நாலரை மணி இருக்கும்போது கோமளாவை வீடியோவில் கூப்பிட்டேன். நிவேதாவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தாள், ஆனால் வந்தாள். போன் எடுக்கப்பட்டது. கூரை தெரிந்தது. சிவப்பு ரிப்பன் பாதியில் சாய்ந்திருந்தது. கொலுசு ஓடியது. ரிப்பன் மெல்ல எழ ஆரம்பித்தது.

"கோமளா."

"சொல்லுண்ணா. நல்லாத்தான் பறக்குது, பாரு."

"இன்னிக்கு யார் பாடு?"

படம் ஒரு நொடி ஆடியது. பின்னால் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"யார் பாடா இருந்தாலும் ரெண்டுல வைக்கச் சொல்லு. இனிமே நான் கூப்ட்டா யாரும் ஓட வேணாம். நான் சொன்ன நம்பர்தான் தப்பு. உன் சரக்க நான்தான் கெடுத்தேன், கோமளா."

ரிப்பன் இறங்கிச் சாய்வாக நின்றது. கோமளா போனைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து ஒடித்தாள். 'படக்' என்று சத்தம் ரியாத் வரைக்கும் கேட்டது.

"பாத்தியாண்ணா?" என்றாள். உடனே முகம் மாறியது. "ஆமா, உனக்கு யாருண்ணா சொன்னது? நிவேதாவா? தேவராஜ் அண்ணனா?"

என் பக்கத்தில் நிவேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல. ரிப்பனப் பாத்தே கண்டுபுடிச்சேன். என் தொழிலே அதுதானே" என்றேன்.

"நீ சும்மா ஆளாண்ணா!" என்றாள் கோமளா. அவள் நம்பினாளா இல்லையா, தெரியாது. நான் துருவிக் கேட்கவில்லை. நிவேதா நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தையிடம் இன்னொரு நெத்திலியை ஒடிக்கச் சொன்னாள்.